கடைசிக் காட்சிக்கு ஒரு வரி

நரேன் “தேங்க்ஸ்” என்று சொன்னதில்தான் முதல் கோணல் தெரிந்தது.

வைதேஹி அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம்தான், ஆனாலும் ஜனவரி மாதத்துப் புகைமூட்டம் எதிர் பிளாக்கை முழுசாக விழுங்கிவிட்டிருந்ததால் விளக்குப் போட்டுக்கொண்டுதான் சமைக்க வேண்டியிருந்தது. கீழே பட்டாணி விற்கிறவன் கூவுவதும், ஹாலில் காற்று சுத்தப்படுத்தும் மெஷின் ஓயாமல் உறுமுவதும் தவிர டெல்லியின் ஜனக்புரியே போர்வைக்குள் கிடந்தது. அந்த உறுமலுக்கு நடுவேதான் நரேன் யாருக்கோ தேங்க்ஸ் சொன்னான்.

“யாருக்கு தேங்க்ஸ்?”

“உனக்குத்தான். நடுவுல ஸ்டூல் இருக்குன்னு சொன்னியே. இல்லாட்டி இன்னிக்கு என் முழங்கால் பேந்திருக்கும்.”

புளிக் கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஹாலுக்கு நட்டநடுவில் ஸ்டூல் நின்றது. காலையில் பால்கனி கிரில் அளவை மறுபடி சரிபார்க்க வந்த வெல்டர் பச்சைமுத்து போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். அவள் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்காத ஒன்றை எப்படிச் சொல்லியிருப்பாள்?

ஆனால் அவனிடம் அதைச் சொல்லவில்லை. நாள் பூராவும் காதில் ஹெட்போனோடு அவள் பதிவு செய்த குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான், அதில் ஏதோ கலந்து காதில் விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, “ஸ்டூலை எடுத்துட்டேன்” என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்படிச் சொல்வது அந்த வீட்டின் சட்டம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழித்திரையில் வந்த நோய் நரேனின் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தது. குருகிராமில் பார்த்த வேலை போனது, கார் போனது, சிநேகிதர்கள் போனார்கள். எதற்கும் அவன் முரண்டு பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் பிடித்தான். வீட்டுக்குள் கோல் எடுக்க மாட்டான், சுவரைத் தடவ மாட்டான். “என் வீட்டுல நானே திருடனாட்டம் தடவிண்டு நடக்கணுமா?” என்று கேட்டான். அதனால் ஓர் ஏற்பாடு. வீட்டில் எது இடம் மாறினாலும் வைதேஹி வாயால் சொல்லிவிடுவாள். அவள் சொன்னதை நம்பி அவன் தலையை நிமிர்த்தி, கையை வீசி நடப்பான். வந்தவர்கள் பலர் அவனுக்குக் கண் தெரியாது என்பதையே வெகுநேரம் கழித்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அதில் அவனுக்கு ஒரு கர்வம், அவளுக்கு அதைவிடப் பெரிய கர்வம். கூடவே எப்போதும் ஒரு பயமும் உண்டு. அவள் ஒரு தடவை தப்பாகச் சொன்னால் போதும், அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பயத்துக்குப் பால்கனி என்று பெயர். மூன்றாவது மாடி. துருப்பிடித்து ஆடிய பழைய கிரிலைப் பச்சைமுத்து அறுத்து எடுத்தான், மறுநாள் புதுசு மாட்டுவதாகப் பேச்சு. அன்று ராத்திரியே காற்று கெட்டுப்போய், ஊரெங்கும் கட்டட வேலையை நிறுத்தச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்துவிட்டது.

“வெல்டிங் மிஷினை ஆன் பண்ணா சலான் போட்டுடுவானுங்க மேடம்,” என்றான் பச்சைமுத்து. “பாபந்தியை, அதான் இந்தத் தடையை, எடுக்கட்டும், அன்னைக்கே வந்து மாட்டிடறேன். அதுவரைக்கும் சாரை அந்தப் பக்கம் விட்டுடாதீங்க.”

முழங்கால் உயரத்துக்குக்கூட அங்கே சுவர் கிடையாது. தரை, அதற்கப்புறம் புகை. வைதேஹி நைலான் கயிற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டி, பழைய துப்பட்டாவையும் அதில் முடிந்து வைத்தாள். பால்கனிக் கதவின் மேல்தாழ்ப்பாளைப் போட்டாள். தினமும் காலையில் காபியோடு சேர்த்து, “பால்கனி வேண்டாம், கிரில் இன்னும் வரலை” என்று சொன்னாள். பாவம், அவனுக்கோ சாயந்திரம் அங்கே நின்று மெட்ரோ ரயில் போகிற சத்தத்தைக் கேட்டால்தான் ஒரு நாள் முடிந்த மாதிரி இருக்கும்.

வைதேஹிக்குப் பிழைப்பும் வாயால்தான். பார்வையில்லாதவர்களுக்காகப் படங்களை வாயால் சொல்லும் வேலை. வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையில் கிடைக்கிற சந்தில், திரையில் நடப்பதைத் தமிழில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ‘அவள் கதவைத் திறக்கிறாள். வெளியே மழை.’ அவ்வளவுதான். மும்பைக் கம்பெனியின் பிரியதர்ஷினி முதல் நாளே ஒரு விதி சொல்லியிருந்தாள்: திரையில் இருப்பதைச் சொல், இல்லாததைச் சொல்லாதே. பதிவெல்லாம் வீட்டு ஸ்டோர் ரூமில்தான். ஜன்னல் இல்லாத அந்தப் பொந்தின் நாலு சுவரிலும், கதவின் உள்பக்கத்திலும் பழைய ரஜாய்களை, பஞ்சு அடைத்த கனத்த போர்வைகளை, ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே கத்தினால்கூட வெளியே கேட்காது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட உள்ளே வராது என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வாள். கதவின் மேல்பாதியில் காற்றுக்காக வைத்த ஒரு சின்னக் கம்பிவலை மட்டும் ரஜாயின் ஓரத்தில் கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரியும்.

அவள் பேசிப் பதிவு செய்ததை முதலில் கேட்டுத் திருத்தம் சொல்கிறவன் நரேன். அதற்கும் கம்பெனி சம்பளம் தந்தது.

போன வாரம் வந்த படம் ஒரு இந்திப் பேய்ப் படம். மலையில் ஒரு பழைய வீடு, அதில் ஒற்றையாக ஒரு பெண். ஒவ்வொரு காட்சியிலும் அவளுக்குப் பின்னால் ஏதோ நிற்கிறது. நமக்குக் காட்டுவதே இல்லை. மரத்தரை முனகுகிறது, கண்ணாடியில் ஆவி படிகிறது, பால் ஏடு தானாகச் சுருங்குகிறது. சும்மா சொல்லக்கூடாது, எடுத்தவன் கெட்டிக்காரன். வேலைக்காகப் பார்த்த வைதேஹிக்கே இரண்டு இடத்தில் முதுகு சில்லிட்டது. கடைசியில் அந்தப் பெண் வாசல்வரை ஓடி வருகிறாள், திரும்புகிறாள், எதையோ பார்க்கிறாள், முகம் கோணுகிறது. உடனே திரை கறுத்துவிடுகிறது. படம் முடிந்தது.

நரேன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தான்.

“ரொம்ப நன்னா எடுத்திருக்கான். ஆனா மோர் சாதம் போடாம இலையை எடுத்துட்டான்.”

“எனக்கும் அப்படித்தான் இருந்தது.”

“கடைசியில அவ என்னத்தைப் பார்த்தா?”

“காட்டலையே.”

“நீ பார்த்தியோன்னோ?”

“திரையில இருந்தாத்தானே நான் பார்க்க முடியும் நரேன்.”

அவன் மடியிலிருந்த ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றினான். குரலை ரொம்பத் தணித்து, “எல்லாரும் பார்த்துட்டு எனக்கு மட்டும் மறைக்கறேள்னு தோணறது” என்றான். கண் போன நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, ஆனால் அழுதிருக்கலாம் என்று இருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவனுக்கு மட்டுமென்று ஒரு தனிப் பிரதியில், திரை கறுக்குமுன் உள்ள சந்தில், வாயில் வந்ததைச் சொன்னாள்:

‘வாசலில் ஒருத்தி நிற்கிறாள். அவளுக்குக் கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, வாய் இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். அவள் தன் வாயைக் கேட்டுக் கையை நீட்டுகிறாள்.’

சொல்லி முடித்ததும் ரஜாய்களுக்குப் பின்னால் என்னவோ சின்னதாக ஒரு மூச்சு இழுத்த மாதிரி இருந்தது. பஞ்சு அமுங்கியிருக்கும் என்று விட்டுவிட்டாள். நரேன் அந்த வரியை இரண்டு தடவை கேட்டு, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். “இப்பத்தான் படம் முடிஞ்சுது” என்றான். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு பொய்கூடச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தச் சந்தோஷத்திலேயே, கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதற்குப் பதில் அந்தப் பிரதியையே அனுப்பித் தொலைத்தாள். அதை அவள் கவனிக்கவில்லை.

ஸ்டூல் விஷயம் நடந்தது அதற்கு அடுத்த நாள்.

அன்று சாயந்திரம் அவள் குளியலறையில் இருந்தாள். கீஸர் தண்ணீர் பக்கெட்டில் விழுகிற சத்தத்துக்கு மேலே, ஹாலில் யாரோ பேசுவது கேட்டது. குழாயை மூடினாள். சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரும் நின்றபிறகு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் முழுசாக உச்சரித்து வந்தது அந்தக் குரல்.

“டீ ஆறிண்டிருக்கு. கைப்பிடி உன் வலது பக்கம்.”

அவள் குரல். பத்து நாளாகப் புகையைக் குடித்துக் கரகரத்துப்போன தொண்டைகூட அப்படியே.

ஈரத்தோடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். நரேன் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மெஷினின் சிவப்பு விளக்கு சுவரில் மங்கலாக விழுந்திருந்தது. வேறு யாரும் இல்லை. ஈரச் சுண்ணாம்பு வாசனையும் பழம்பஞ்சு வாசனையும் மட்டும் இருந்தது, ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தால் அடிக்குமே அந்த வாசனை.

“யார் பேசினா இப்ப?”

“நீதான்.”

“நான் குளிச்சிண்டிருந்தேன் நரேன்.”

“விளையாடாதே. டெல்லியில நம்மாத்துக்கு வந்து தமிழ்ல டீ ஆறிண்டிருக்குன்னு சொல்ல வேற யார் இருக்கா?”

சிரித்தான். அவள் சிரிக்காததை மூச்சிலிருந்தே கண்டுபிடித்து அவனும் நிறுத்திக்கொண்டான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வரியைச் சொன்னபோது கேட்ட மூச்சைக்கூடச் சொன்னாள்.

“சரி,” என்றான் நரேன். நம்பினானோ இல்லையோ, அவளுக்காகச் சொன்னான். “இப்படிப் பண்ணலாம். நீ எது சொன்னாலும் என் தோளைத் தொட்டுச் சொல்லு. தொடாம வர குரலை நான் நம்ப மாட்டேன். போறுமா?”

“போறும்,” என்றாள். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அப்போதே அவன் தோளைத் தொட்டு, “பால்கனி வேண்டாம், கிரில் இன்னும் வரலை” என்றாள். அவள் கையிலிருந்த கண்ணாடி வளையல் அவன் ஸ்வெட்டரில் உரசிக் கிலுங்கியது. அந்தக் கிலுகிலுப்பைத் தலை சாய்த்துக் கேட்டுவிட்டு, “உத்தரவு” என்றான் அவன்.

வாய்விட்டுத்தான் பேசினார்கள் இருவரும். ஸ்டோர் ரூம் கதவு ஒரு விரல் அளவு திறந்துதான் இருந்தது.

மறுநாள் இருட்டுகிற நேரத்துக்குப் பிரியதர்ஷினி போன் செய்தாள்.

“வைதேஹி, பேய்ப் படம் கேட்டேன். அந்தக் கடைசி வரி விதிப்படி தப்பு, ஆனா என்னமோ பண்ணிடுச்சு என்னை. அதை விடுங்க. படம் முடிஞ்சப்புறமும் ஏன் பேசிக்கிட்டே போறீங்க?”

“முடிஞ்சப்புறமா? நான் ஒண்ணும் பேசலையே.”

“பேசறீங்களே! கறுப்புத் திரைமேல. ஏதோ வீடு, ஹால், சோபான்னு. அந்த வீடு படத்துலயே இல்லையே. கேட்டுப் பார்த்துட்டு வெட்டி அனுப்புங்க.”

நரேன் சோபாவில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தான். வைதேஹி அவனைத் தாண்டிப் போய் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது கதவு அவளுக்குப் பின்னால் மெல்லச் சாய்ந்து சாத்திக்கொண்டது. அது எப்போதும் அப்படித்தான் சாத்தும், கீல் கோணல். ஹெட்போனை மாட்டினாள். படத்தைக் கடைசிக்குத் தள்ளினாள். அந்தப் பெண் ஓடி வந்தாள், திரும்பினாள், முகம் கோணியது. வாசலில் ஒருத்தி நிற்கிறாள், என்றது வைதேஹியின் குரல். திரை கறுத்தது.

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.

‘ஒரு ஹால். சோபாவில் ஓர் ஆண் தூங்குகிறான். எதிரே பால்கனிக் கதவு. கதவுக்கு அப்பால் கிரில் இல்லை.’

அவள் கை மௌஸின் மேல் இருந்தது. நகரவில்லை.

‘ஸ்டோர் ரூமில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கை மௌஸின் மேல் இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது.’

ஒரு மூச்சு.

‘வெளித்தாழ்ப்பாள் விழுகிறது.’

பின்னால் டக்கென்றது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவில் போய் விழுந்தாள். தள்ளினாள். தோளால் இடித்தாள். அசையவில்லை. ரஜாயை ஓரத்தில் கிழித்து இழுத்துக் கம்பிவலையில் முகத்தை வைத்தாள். ஹால் தெரிந்தது. சிவப்பு விளக்கு. சோபா. நரேன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“நரேன்.”

கூப்பிட்டது அவள் இல்லை.

“ம்?”

“பச்சைமுத்து வந்து கிரில் மாட்டிட்டுப் போயிட்டான். தடையை எடுத்துட்டாளாம்.”

“நிஜமாவா? சத்தமே கேக்கலையே.”

“அசந்து தூங்கிண்டிருந்தே.”

அவன் முகத்தில் சந்தோஷம் வந்தது. உடனே நின்றது. தலையைச் சாய்த்தான். ‘கேளுடா, கேளு’ என்று வைதேஹி மனசுக்குள் கெஞ்சினாள்.

“தொட்டுச் சொல்லு,” என்றான் நரேன்.

சோபாவுக்குப் பின்னால் இருட்டிலிருந்து ஒரு கை வந்தது. அவன் தோளில் படிந்தது. வளையல் கிலுங்கியது. வைதேஹி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

“நரேன்!” என்று கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி. வரவில்லை. கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். மூக்கு இருந்தது. மோவாய் இருந்தது. நடுவில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. தோல். வெறும் தோல்.

இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். ரஜாய் அதை வாங்கி விழுங்கியது. காலால் உதைத்தாள். கீழ்ப் பலகையில் ஒரு மொத்தல் கேட்டது. நரேன் திரும்பினான்.

“என்ன சத்தம் அது?”

“மாடி வீட்டுல ஏதோ இடிக்கறா. தடைதான் போயாச்சே, எல்லாரும் ஆரம்பிச்சுட்டா.”

“அதானே,” என்றான் நரேன். எழுந்தான்.

அவள் உதைத்தாள். உதைத்துக்கொண்டே இருந்தாள். நகம் பெயர்ந்தது. கம்பிவலையை விரலால் பிய்த்தாள், அது வளைந்தது, அறுபடவில்லை. நரேன் அந்தச் சத்தத்துக்கு மறுபடி திரும்பவே இல்லை. அது என்ன என்று அவனுக்குச் சொல்லியாகிவிட்டது. இரண்டு வருஷமாக அப்படித்தான் பழக்கியிருந்தாள்.

“நேரா வா. வழியில ஒண்ணுமில்லை.”

கையை வீசி நடந்தான். தலை நிமிர்ந்திருந்தது. அந்தக் கை தோளிலேயே இருந்தது. அதற்குப் பின்னால் அவளுடைய ஸ்வெட்டர், புளிக் கறையோடு. முகம் ஒரு கணம் ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பியது. அதில் வாய் இருந்தது. வைதேஹி கண்ணாடியில் தினம் பார்க்கிற வாய்.

“மேல்தாழ்ப்பாளை எடு.”

எடுத்தான். கதவு திறந்தது. கரி வாசனையோடு குளிர் உள்ளே வந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. எதிர் பிளாக் இல்லை, தெருவிளக்கு இல்லை. தூரத்தில் மெட்ரோ போகிற சத்தம் மட்டும் கேட்டது. நரேனின் முகம் மலர்ந்தது.

“எத்தனை நாளாச்சு,” என்றான்.

“கயித்துல துணி உலர்த்தியிருக்கேன். குனிஞ்சு வா.”

துப்பட்டா அவன் முதுகில் உரசியது. குனிந்து கடந்து, மறுபக்கம் நிமிர்ந்தான்.

அந்தப் படத்தில் இந்த இடத்தில்தான் திரை கறுக்கும். வைதேஹி அதற்காகக் காத்திருந்தாள். கறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள்ளும் அவள் குரலே நிதானமாக, திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது: ‘அவன் பால்கனியில் நிற்கிறான். அவன் சிரிக்கிறான்.’ கண்ணைத் திறந்தாள்.

“கிரில் நெஞ்சு உயரத்துக்கு இருக்கு. பெயின்ட் காஞ்சுடுத்து, பிடிச்சுக்கோ. இன்னும் ஒரு அடி.”

நரேன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, சிரித்தபடி காலைத் தூக்கினான்.